கிட்டார் கேள்வி–பதில்: விரலுக்கு எவ்வளவு, கற்பனைக்கு எவ்வளவு?

கேள்வி: எனக்கு வயது 34, வங்கியில் வேலை. நான்கு ஆண்டுகளாகக் கிட்டார் பழகுகிறேன். இரவு 9 மணிக்கு மேல் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. ஸ்கேல், பிக்கிங், கார்டு மாற்றம் என்று தாளம் தட்டும் மெட்ரோனோமுடன் தொடங்கினால் 45 நிமிடம் அதிலேயே போய்விடுகிறது. சரி, முதலில் சொந்தமாக வாசிக்கலாம் என்று பேக்கிங் டிராக்கைப் (கூடவே வாசிப்பதற்கான பின்னணி இசைப் பதிவை) போட்டாலோ, பழகிய நாலைந்து பிடிகளையே சுற்றிச் சுற்றி வாசித்துவிட்டு எழுந்துவிடுகிறேன். பயிற்சிக்கு எத்தனை நிமிடம், கற்பனைக்கு எத்தனை நிமிடம் என்று பிரித்துச் சொல்ல முடியுமா?
— வாசகர், திருச்சி

பதில்: நிமிடக் கணக்கைப் பின்னால் தருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, நேரம் போதாததைவிட வேறொன்றுதான் பெரிய குறையாக எனக்குப் பட்டது. மெட்ரோனோமுடன் நீங்கள் செய்யும் பயிற்சிக்கும், பேக்கிங் டிராக்குடன் வாசிப்பதற்கும் இடையே கொடுக்கல் வாங்கலே இல்லை. முன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. இன்று நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் சுத்தமாக வந்தது நாளை 84-இல் வருகிறதா என்று பார்த்துவிடலாம். பின்னதில் எந்தக் கணக்கும் இல்லை. எங்கே தொடங்கினாலும் டிராக் ஓடும், எங்கே நிறுத்தினாலும் டிராக் ஓடும். தப்பு நேர வழியே இல்லாத இடத்தில் விரல் தனக்குத் தெரிந்த தடத்தில்தான் போகும்.

கற்பனை ஸ்வரம் பாடும் வித்துவானை நினைத்துப் பாருங்கள். ராகத்துக்குள் அவர் எப்படி வேண்டுமானாலும் சஞ்சரிக்கலாம். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட பாட்டு வரியின் எடுப்பு, அதாவது தொடக்கம், எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த இடத்தில், அங்கே தொடங்கும் ஸ்வரத்தோடு பொருந்தும்படி வந்து இறங்கியே ஆக வேண்டும். சின்னதாகத் தொடங்கி, ஓர் ஆவர்த்தனம், இரண்டு ஆவர்த்தனம் என்று வளர்த்துக்கொண்டு போவார். வந்து சேர வேண்டிய இடம் முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் நடுவில் அவரால் துணிந்து அலைய முடிகிறது. கிட்டார் பழகுகிறவர்களுக்கு இந்தப் பொறுப்பை யாரும் கொடுப்பதில்லை. கழுத்திலுள்ள 5-ஆம் பிரெட்டில் (உலோகக் கட்டில்) ஐந்து ஸ்வரங்கள் கொண்ட பென்டாடானிக் ஸ்கேலைக் காட்டி, இதற்குள் எதை வாசித்தாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். (பல ஆண்டுகள் நானும் அப்படிச் சொல்லி அனுப்பியவன்தான்.)

இதை நான் கற்றுக்கொண்ட இடம் ஒரு கல்யாண வரவேற்பு மேடை. மெல்லிசைக் குழுவில் சேர்ந்த புதிது. இடையிசை முடியப் போகிறது, பாடகர் இன்னும் மைக்குக்கு வந்து சேரவில்லை. கீபோர்டு வாசித்தவர் என்னைப் பார்த்து, இன்னும் எட்டு பார் (பார் என்பது நாலு பீட் கொண்ட தாளப் பகுதி) நிரப்பு என்று ஜாடை காட்டினார். மெட்ரோனோமை 120-இல் வைத்து பீட்டுக்கு நாலு ஸ்வரம் வாசிக்கும் கை எனக்கு அப்போதே இருந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டு ஸ்கேலில் மேலே போனேன், கீழே வந்தேன், மறுபடியும் மேலே போனேன். எட்டு பார் முடிந்ததே எனக்குத் தெரியவில்லை. பாடகர் சரணத்தை எடுத்த பிறகும் அரை பார் ஓடிவிட்டுத்தான் நின்றேன். பிறகு பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த தபலாக்காரர், “தம்பி, நல்லா ஓடுறீங்க, எங்கேயும் உட்காரவே இல்லையே” என்று மட்டும் சொன்னார். அன்றைய பாயசம் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை.

ஆகவே நீங்களும் உட்காரும் இடத்தை முதலில் முடிவு செய்துகொண்டு வாசித்துப் பாருங்கள். மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஏ மைனர், எஃப், சி, ஜி என்று பாருக்கு ஒரு கார்டாக நான்கு பாரை நீங்களே திரும்பத் திரும்ப ஸ்ட்ரம் செய்து போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். (இணையத்தில் கிடைக்கும் டிராக்குகளில் டிரம்ஸும் பேஸும் நிறைந்து கிடப்பதால் நம் குறைகள் நமக்கே கேட்பதில்லை.) பதிவு ஓடும்போது ஏ மைனர், எஃப் ஆகிய இரண்டு பார்களிலும் சொந்தமாக வாசியுங்கள், சி கார்டின் முதல் பீட்டில் 2-ஆம் தந்தி 5-ஆம் பிரெட்டில், அதாவது இ ஸ்வரத்தில், வந்து இறங்குங்கள். இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். சி பாரின் மிச்சமும் ஜி பாரும் மௌனம். இப்போது வாசித்தது என்ன, அடுத்ததை எங்கிருந்து தொடங்கலாம் என்று காது யோசிப்பதற்கான நேரம் அது. அந்த மௌனத்தில் கை பரபரக்கும், விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு சுற்றுக்கு 16 விநாடி ஆகிறது. கால் மணி நேரத்தில் 56 சுற்று வாசித்துவிடலாம். முதல் பத்துச் சுற்றில் உங்கள் கைவசமுள்ள பழைய பிடிகளெல்லாம் தீர்ந்துபோகும். நீங்கள் தேடுவது அதற்குப் பிறகுதான் வரும். அடுத்த வாரம் இறங்குமிடத்தை அதே தந்தியின் 8-ஆம் பிரெட்டுக்கு, ஜி ஸ்வரத்துக்கு மாற்றுங்கள். அதற்கும் அடுத்த வாரம் முதல் பீட்டில் இறங்காமல் அரை இடம் தள்ளி இறங்கிப் பாருங்கள். ஸ்வரங்கள் அதேதான், ஆனால் இரண்டு பாரின் கட்டுமானம் முழுவதும் மாறிப்போவதை உணர்வீர்கள்.

இனி விரல் பயிற்சி. எதைப் பயில வேண்டும் என்பதை ஒரு புத்தகமோ காணொளியோ தீர்மானிக்க விடாமல், நீங்கள் சொந்தமாக வாசித்ததில் எங்கே கை பின்தங்கியது என்பதே தீர்மானிக்கட்டும். அதற்காகக் கடைசி ஐந்து நிமிட வாசிப்பைப் பதிவு செய்யுங்கள். பதிவில் என்ன கேட்கும் என்பதற்கு, வகுப்பில் நான் அடிக்கடி பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். 1-ஆம் தந்தி 5-ஆம் பிரெட்டிலிருந்து (ஏ) 2-ஆம் தந்தி 5-ஆம் பிரெட்டுக்கு (இ) இறங்கும்போது, பெரும்பாலோர் ஆள்காட்டி விரலை இரண்டு தந்திகள் மீதும் பட்டையாகப் படுக்க வைத்துவிடுகிறார்கள். இ ஒலிக்கும்போது ஏயும் கூடவே ஒலித்துக்கொண்டிருக்கும். வாசிக்கும் மும்முரத்தில் அது காதில் படாது. பதிவைக் கேட்டால் இறங்கிய ஸ்வரம் கலங்கிக் கிடப்பது தெரியும். விரல் நுனி 2-ஆம் தந்தியிலும், நுனிக்குக் கீழுள்ள சதை 1-ஆம் தந்தியிலும் இருக்குமாறு வைத்து, ஏ ஒலித்ததும் அழுத்தத்தை நுனிப்பக்கம் உருட்ட வேண்டும். உருளும்போது சதை 1-ஆம் தந்தியின் அழுத்தத்தை விட்டுவிடும், ஆனால் தொடுகையை விடாது. அந்தத் தொடுகையே பழைய ஸ்வரத்தை அடக்கிவிடும். இது தெரிந்துவிட்டால் மறுநாள் உங்கள் விரல் பயிற்சி மெட்ரோனோம் 50-இல் ஏ–இ, ஏ–இ என்ற இந்த ஒரே உருட்டல்தான். ஸ்கேலை 45 நிமிடம் ஏற்றி இறக்கினாலும் இந்தக் குறை தானாகப் போகாது, ஏனென்றால் வேகத்தில் அது ஒளிந்துகொள்கிறது.

பதிவெல்லாம் எதற்கு, வாசிக்கும்போதே திருத்திக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். திருத்துகிற மனமும் கற்பனை செய்கிற மனமும் ஒரே நேரத்தில் ஒரே நாற்காலியில் உட்காருவதில்லை. சார்ல்ஸ் லிம்ப், ஆலன் பிரவுன் என்னும் ஆய்வாளர்கள், ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து வாசிக்கச் செய்து, 2008-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். மனப்பாடமானதை வாசிக்கும்போது இருந்ததைவிட, சொந்தமாக வாசிக்கும்போது முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதிகளில், அதாவது நம்மை நாமே கண்காணித்துக்கொள்வதோடு தொடர்புடையவை என்று கருதப்படும் பகுதிகளில், செயல்பாடு குறைந்திருந்தது. ஆறு பேரை வைத்து ஊருக்கெல்லாம் விதி எழுத முடியாதுதான். ஆனால் பாதி வாசிப்பில் முகத்தைச் சுளித்துக்கொள்ளும் மாணவர், அடுத்த இரண்டு பாரையும் கோட்டைவிடுவதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

நீங்கள் கேட்ட கணக்கு: முதல் 15 நிமிடம், நேற்றைய பதிவில் கண்ட ஒரே ஒரு குறைக்கு. அடுத்த 15 நிமிடம், மேலே சொன்ன இறங்குமிட வாசிப்புக்கு. பிறகு 10 நிமிடத்தில் பதிவைக் கேட்டு, நாளைக்கான ஒரு குறையை நோட்டில் எழுதுங்கள். இரண்டு எழுதினால் இரண்டுமே நடக்காது. மீதி 20 நிமிடம், உங்களுக்குப் பிடித்த கலைஞர் ஒருவர் வாசித்த நாலு பாரைக் காதாலேயே கேட்டு எடுப்பதற்கு. இந்தக் கடைசிப் பகுதிதான் நாளடைவில் பழைய நாலைந்து பிடிகளோடு புதியவற்றைச் சேர்க்கும். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தைச் சேர்ந்த ஜாஸ் கிட்டார் மேதை வெஸ் மான்ட்கோமரி (1923–1968), ஜாஸ் கிட்டார் முன்னோடி சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டு அவருடைய சோலோக்களை அப்படியே எடுத்துப் பழகியவர். தொடக்கத்தில் மேடையிலும் அவற்றையே வாசித்தார். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கிளப் வாசிப்பு. அவர் பிக்கை விட்டுவிட்டுக் கட்டைவிரலால் வாசிக்கத் தொடங்கியதற்குக் காரணமே, வீட்டில் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று எழுந்த புகார்தான் என்பார்கள். 9 மணிக்கு மேல் கிட்டாரை எடுக்கும் உங்களுக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று நம்புகிறேன்.

கேள்வி: எங்கள் மகனுக்கு 14 வயது. கிரேடு தேர்வுக்காகக் கிட்டார் கற்கிறான். தேர்வுப் பாடங்களை எடுத்தால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறான். சொந்தமாக எதையாவது ‘டொய்ங் டொய்ங்’ என்று வாசித்துக்கொண்டிருந்தால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுகிறான். ஐந்தாம் கிரேடு முடியும் வரை சொந்த வாசிப்பே கூடாது என்று அவனுடைய ஆசிரியர் சொல்கிறார். தடுக்கலாமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தடுக்க வேண்டாம். ஆசிரியரின் கவலையிலும் நியாயம் உண்டு. மணிக்கட்டை மடக்கிக்கொண்டு, தேவைக்கு மேல் தந்தியை அழுத்திக்கொண்டு மணிக்கணக்கில் விருப்பப்படி வாசித்தால், அந்தப் பழக்கம் பிறகு லேசில் போகாது. ஆனால் அதற்கு மருந்து உட்காரும் விதத்தையும் கை வைக்கும் விதத்தையும் திருத்துவதுதான். ஐந்து கிரேடு என்பது சில ஆண்டுகள் ஆகும் விஷயம். அத்தனை காலம் ஒரு பிள்ளையின் கற்பனையைப் பூட்டி வைத்துவிட்டு, பிறகு ஒரு நாள் திறந்துவிட்டால் அது வெளியே வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம் இருக்கிறது?

மேலும், சொந்த வாசிப்பைத் தேர்வுக்கு எதிரியாக நினைக்க வேண்டியதே இல்லை. டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் தேர்வுகளிலேயே அதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. செவ்வியல் கிட்டார் தேர்வில் துணைச் சோதனைகளில் ஒன்றாக இம்ப்ரவைசேஷனை எடுக்கலாம். அவர்களுடைய ராக் அண்டு பாப் தேர்விலும் ‘செஷன் ஸ்கில்ஸ்’ பகுதியில், கேட்டதைத் திருப்பி வாசிப்பதற்குப் பதிலாகச் சொந்தமாக வாசிப்பதைத் தேர்ந்துகொள்ளலாம். மகன் எந்த வாரியத்தின் தேர்வுக்குப் படிக்கிறானோ அதன் பாடத்திட்டத்தை ஆசிரியருடன் சேர்ந்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. திருச்சி வாசகருக்குச் சொன்ன வரிசையை உங்கள் மகனுக்குத் தலைகீழாக்கிவிடுங்கள்: முதல் பத்து நிமிடம் அவனுடைய ‘டொய்ங் டொய்ங்’, பிறகு தேர்வுப் பாடம். பாடத்தை அவன் ஒழுங்காக முடித்த அன்று, அந்தப் பாட்டின் கடைசி இரண்டு பாரை மட்டும் அவனே வேறு மாதிரி அமைத்து வாசிக்கட்டும். முடிவை மாற்ற வேண்டுமானால் அது எந்தக் கார்டில் முடிகிறது, எந்த ஸ்வரத்தில் உட்காருகிறது என்று அவன் பார்த்தே ஆக வேண்டும். பாடத்தை ஐம்பது முறை திருப்பிச் சொல்வதைவிட அது ஆழமாகப் பதியும். தேர்வு அறையில் எழுதியிருப்பதை எழுதியபடியே வாசிக்க வேண்டும் என்பதை மட்டும் அவனுக்கு நினைவூட்டி வையுங்கள்!

கேள்வி: ஏழு ஆண்டுகள் கர்நாடக வாய்ப்பாட்டு கற்றேன். இப்போது கிட்டார் பழகத் தொடங்கியிருக்கிறேன். பாட்டில் கற்பனை ஸ்வரம் ஓரளவு வரும். கிட்டாரிலோ ஸ்கேலைத் தாண்ட முடியவில்லை. பாட்டுப் பயிற்சி இங்கே உதவுமா?
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: மற்ற கிட்டார் மாணவர்கள் பொறாமைப்பட வேண்டிய இடத்தில் இருக்கிறீர்கள். அவர்களுக்குக் கை முந்திக்கொண்டு காது பின்னால் வருகிறது. உங்களுக்கு அது நேர்மாறு. அந்தக் காதை நம்புங்கள்.

மேலே சொன்ன 5-ஆம் பிரெட் பென்டாடானிக் கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள ஸ்வரங்கள் ஏ, சி, டி, இ, ஜி. தம்புரா செயலியை ஏ சுருதியில் வைத்தால், அந்த ஐந்தும் ச, க, ம, ப, நி என்று சுத்த தன்யாசியின் ஸ்வரங்களாகின்றன. விரலை இம்மிகூட நகர்த்தாமல் சுருதியை ‘சி’ ஸ்வரத்துக்கு மாற்றுங்கள். அதே ஐந்தும் மோகனத்தின் ஸ்வரங்கள். டியை ஸட்ஜமாக வைத்தால் மத்யமாவதி, இயை வைத்தால் ஹிந்தோளம், ஜியை வைத்தால் சுத்த சாவேரி. கிரக பேதம் என்று பாட்டு வகுப்பில் கேட்டிருப்பீர்கள். கிட்டாரில் அது கைக்குக் கிடைத்த கொடை, ஏனென்றால் புதிய விரல் வேலை எதுவும் இல்லாமலேயே வீடு மாறிவிடுகிறது. ஒரு வாரம் ஒரு சுருதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆவர்த்தனத்துக்கு ஸ்வரத்தை முதலில் வாயால் பாடுங்கள். பாடியதை மட்டும், அதற்கு மேல் ஒரு ஸ்வரம்கூடக் கூட்டாமல், தந்தியில் தேடி எடுங்கள். நீங்கள் பாடியதைக் கை எடுக்க முடியாமல் தடுமாறும் இடம்தான் உங்களுடைய விரல் பயிற்சி. சரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் மூன்று காலத்தில் கிட்டாரில் வாசிப்பது நல்லதுதான்; ஜண்டையில் இரட்டித்து வரும் ஸ்வரத்தை பிக்கின் மேல்வீச்சு, கீழ்வீச்சு இரண்டிலும் ஒரே அழுத்தத்தில் கொண்டுவருவது லேசானதல்ல. ஆனால் அதோடு நின்றுவிட்டால் வாய்ப்பாட்டில் நீங்கள் ஏழு ஆண்டுகளில் கடந்து வந்த பாதையை மறுபடியும் முதலிலிருந்து நடப்பதாகிவிடும்.

ராகம் என்பது ஸ்கேல் அல்ல என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கமகத்துக்கு பிரெட் தடையா என்றால், மாண்டலினில் யு. ஸ்ரீநிவாஸும் (1969–2014), கிட்டாரில் சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும் அந்தக் கேள்விக்கு மேடையிலேயே பதில் சொல்லிவிட்டார்கள். நீங்கள் தொடங்க வேண்டியது பெண்டிங்கிலிருந்து. 2-ஆம் தந்தி 8-ஆம் பிரெட்டில் ஜியை அழுத்தி, தந்தியை மேலே தள்ளி ஏ வரை ஏற்றுங்கள். உடனே 10-ஆம் பிரெட்டில் உண்மையான ஏயை வாசித்து ஒப்பிடுங்கள். முதல் நாள் வித்தியாசம் கேட்டால் சிரிப்பு வரும். தந்தியைத் தள்ளுவதால் சுருதி ஏறுமே தவிர இறங்காது. ஆகவே மேலிருந்து இறங்கும் அசைவுகளுக்கு, ஏற்கெனவே தள்ளிப் பிடித்த தந்தியை மெல்ல விடுவிக்க வேண்டும், அல்லது ஜாரு போல விரலைச் சறுக்கிக் கொண்டுவர வேண்டும். இந்திய இசையையும் ஜாஸையும் கலந்து வாசித்த ஷக்தி குழுவின் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், பிரெட்டுகளுக்கு நடுவிலுள்ள மரத்தைக் குடைந்தெடுத்த கிட்டாரைப் பயன்படுத்தியது இந்த அசைவுகள் இன்னும் தாராளமாக வருவதற்காகத்தான். நீங்கள் இப்போதைக்குக் கிட்டாரைக் குடைய வேண்டாம். மெல்லிய தந்தி போட்டாலே பாதி சிரமம் குறையும்.

கேள்வி: என் சுண்டுவிரல் குட்டை. நாலு விரலும் சமமாக வேலை செய்யும் வரை இம்ப்ரவைஸ் செய்வதில் பயனில்லை என்கிறார் நண்பர். உண்மையா?
— வாசகர், மதுரை

பதில்: இல்லை. ஜாஸ் கிட்டார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928-இல் அவருடைய வண்டி வீட்டில் பற்றிய தீயில் இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் பழுதாயின. கார்டு பிடிக்க அவற்றை ஓரளவு பயன்படுத்திக்கொண்டார். சோலோக்களைப் பெரும்பாலும் மிச்சமிருந்த இரண்டு விரல்களாலேயே வாசித்தார். 1934-இல் பாரிஸில் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன் சேர்ந்து அவர் தொடங்கிய குழுவின் பதிவுகளைக் கேட்டுவிட்டு உங்கள் நண்பரிடம் மறுபடியும் பேசுங்கள். குட்டைச் சுண்டுவிரலுக்கு ஒரு கைப்பாடு மட்டும் சொல்கிறேன்: 5-ஆம் பிரெட்டிலிருந்து 8-ஆம் பிரெட்டுக்கு விரலை நீட்டி எட்டிப் பிடிக்காமல், உள்ளங்கையைக் கிட்டாரின் கழுத்துக்கு இணையாகத் திருப்பிக்கொண்டு, கட்டைவிரலைக் கழுத்தின் பின்புறம் நடுப்பகுதிக்கு இறக்கி வையுங்கள். அப்படியும் எட்டவில்லையானால் அந்த ஸ்வரத்தை மோதிர விரலால் சறுக்கிப் பிடியுங்கள்.